கால்பந்து சூரியன், கடுகு பூமி: புள்ளைங்களுக்கு சூரியக் குடும்பத்தை நடந்தே காட்டுறது எப்படி

சூரியக் குடும்பம் பாடம்னாலே நாம செய்யுறது ஒண்ணுதான். கடையில சார்ட் வாங்கி மாட்டுவோம், இல்லன்னா தெர்மாகோல் பந்துக்கு கலர் அடிச்சு கம்பியில கோத்து கண்காட்சிக்கு வைப்போம், புதன் வெள்ளி பூமி செவ்வாய்னு வரிசையா ஒப்பிக்க வச்சு பரீட்சையில ரெண்டு மார்க் வாங்க வச்சிடுவோம். நானும் ஏழெட்டு வருஷம் அப்படித்தான் நடத்தினேன். ஒரு நாள் ஆறாவது படிக்கிற பையன் ஒருத்தன் சார்ட்டையே பாத்துட்டு இருந்துட்டு "டீச்சர், வியாழன் பூமிக்கு இவ்வளவு பக்கத்துல இவ்வளவு பெருசா இருக்கே, ராத்திரி ஏன் நமக்கு பெருசா தெரியல?"ன்னு கேட்டான். நியாயமான கேள்வி, அவன்கிட்ட ஒரு தப்பும் இல்ல, தப்பு சார்ட்ல இருக்கு.

சார்ட் போடுறவங்களையும் குத்தம் சொல்ல முடியாது, பேப்பர்ல அவ்வளவுதான் முடியும். ஒரு மீட்டர் நீள சார்ட்ல சூரியன்லேர்ந்து நெப்டியூன் வரைக்கும் தூரத்தை சரியா போடணும்னா சூரியனே பேனா முனை புள்ளி அளவுக்குத்தான் வரும், பூமியை மைக்ராஸ்கோப் வச்சுத்தான் தேடணும். அதனால எல்லா சார்ட்லயும் தூரத்தை சுருக்கி கோளை ஊதி வச்சிருப்பாங்க. இதை மாத்தணும்னா வகுப்பை விட்டு வெளிய வந்தாதான் முடியும். நான் இப்போ பண்றதை எழுதுறேன், அஞ்சாவதுலேர்ந்து எட்டாவது வரைக்கும் பண்ணலாம், வீட்ல சொல்லித்தர்ற அம்மா அப்பாவும் பண்ணலாம், மொத்த செலவு அம்பது ரூபாய்க்குள்ள (கால்பந்து இல்லாத ஸ்கூல் உண்டா).

பாடத்துக்கு ஒரு வாரம் முன்னாடியே வானத்துல ஆரம்பிச்சிடுங்க. புக்கை திறக்க வேணாம். "இன்னிக்கு சாயங்காலம் மொட்டை மாடியிலயோ தெருவுலயோ நின்னு, மினுக் மினுக்குன்னு மின்னாம நிலையா எரியுற ஒண்ணை கண்டுபிடிச்சுட்டு வாங்க"ன்னு மட்டும் சொல்லி அனுப்புங்க. மறுநாள் பாதி பேர் ஏரோப்ளேனை பாத்துட்டு வந்திருப்பாங்க, பரவால்ல. அந்த மாசம் எது எங்க தெரியும்னு ஸ்டெல்லேரியம் ஆப்ல நீங்க முன்னாடியே பாத்து வச்சுக்கணும், போனை வானத்தை பாத்து பிடிச்சா பேர் போட்டு காட்டும். வெள்ளி மேக்குல சாயங்காலம் தெரியும், இல்லன்னா கிழக்க விடியக்காலையில தெரியும், நடுராத்திரி உச்சியில என்னிக்கும் வராது. அது ஏன்னு அப்போ சொல்லாதீங்க, நடை முடிஞ்சப்புறம் கேளுங்க, அவங்களே சொல்லுவாங்க. பழைய தமிழ்லயே இடம் மாறாத நட்சத்திரத்துக்கு நாள்மீன், அதுங்க நடுவுல நகர்ந்துகிட்டே இருக்கிறதுக்கு கோள்மீன்னு தனித்தனியா பேர் இருந்திருக்கு. டெலஸ்கோப் இல்லாத காலத்துல வெறும் கண்ணால ராத்திரிக்கு ராத்திரி பாத்து பிரிச்சிருக்காங்கன்னு சொன்னா புள்ளைங்களுக்கு ஒரு ரோஷம் வரும், நாமளும் பாப்போமேன்னு. ஐப்பசி கார்த்திகையில இதை வைக்காதீங்க, மேகத்தைத்தான் பாப்பாங்க. தை, மாசி, பங்குனி நல்லா இருக்கும். யார்கிட்டயாவது ஒரு பைனாகுலர் இருந்தா வியாழன் பக்கத்துல சின்ன புள்ளியா நாலு நிலா வரிசையா நிக்கிறதையும் காட்டிடுங்க, கலிலியோ 1610 ஜனவரியில பாத்தது அதைத்தான். கையை சுவர்ல சாய்ச்சு ஆடாம பிடிக்கணும், இல்லன்னா ஒண்ணும் தெரியாது.

இன்னொரு விஷயம் நம்ம வீட்டு டிவியிலயே ஓடுது, யாரும் வகுப்புல எடுத்துக்கிறதில்ல. குருப்பெயர்ச்சி, சனிப்பெயர்ச்சி. குரு ஏறக்குறைய வருஷத்துக்கு ஒரு ராசி நகருது, ராசி மொத்தம் 12, அப்போ ஒரு சுத்துக்கு எத்தனை வருஷம்னு கேளுங்க. 12ன்னு கோரஸா சொல்லுவாங்க. வியாழன் சூரியனை சுத்த எடுத்துக்கிறது 11.86 வருஷம். சனி ரெண்டரை வருஷத்துக்கு ஒரு ராசி, பெருக்கினா 30, நிஜத்துல 29.5 வருஷம். கும்பகோணம் மகாமகம் 12 வருஷத்துக்கு ஒருக்கா வர்றதும் வியாழன் சிம்ம ராசிக்கு திரும்ப வர்ற கணக்குதான், 2004, 2016, அடுத்து 2028. எந்த ராசிக்கு என்ன பலன்ங்கிறதுல எனக்கு நம்பிக்கை கிடையாது, ஆனா அந்த வாதத்தை வகுப்புல கிளப்புனா பாடம் போயிடும், கிரகம் இடம் மாறுறது நிஜம், அதை வச்சு அவங்க காலத்தை கணக்கு போட்டுட்டா போதும்.

இப்போ நடைக்கு வருவோம். கால்பந்து ஒண்ணு, அஞ்சாம் நம்பர் சைஸ், குறுக்களவு 22 சென்டிமீட்டர், அதுதான் சூரியன். சமையக்கட்டுலேர்ந்து மத்ததெல்லாம். புதனுக்கு ஒரு கசகசா. வெள்ளிக்கும் பூமிக்கும் ஆளுக்கொரு கடுகு, ரெண்டு மில்லிமீட்டர் இருக்கிற மாதிரி பெரிய கடுகா பொறுக்குங்க. செவ்வாய்க்கு கேழ்வரகு. வியாழனுக்கு ரெண்டு சென்டிமீட்டருக்கு கொஞ்சம் மேல இருக்கிற நெல்லிக்காய். சனிக்கு கோலிக்குண்டு, அதுக்கு பழைய கல்யாண பத்திரிகை அட்டையில 4.3 சென்டிமீட்டர் குறுக்களவுல ஒரு வளையம் வெட்டி மாட்டிடுங்க. யுரேனஸ், நெப்டியூன் ரெண்டுக்கும் சின்ன கொண்டைக்கடலை. கடுகையும் கசகசாவையும் ஒரு அட்டையில செல்லோ டேப் போட்டு ஒட்டிருங்க, கையில குடுத்தா அஞ்சே நிமிஷத்துல பூமி காணாம போயிடும். ஒரு வருஷம் ரோட்டோரத்துல வச்ச யுரேனஸை கோழி கொத்திட்டு போயிருச்சு, அந்த பேட்ச் புள்ளைங்க இன்னிக்கும் என்னை பாத்தா அதைத்தான் பேசுதுங்க.

அடுத்தது கயிறு. 23 மீட்டர் 60 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு கயிறு, நைலான் கயிறு வேணாம் சிக்கல் விழும், சணல் போதும். இந்த அளவுல சூரியனுக்கும் பூமிக்கும் நடுவுல இருக்கிற தூரம் அது, அதாவது நிஜத்துல 15 கோடி கிலோமீட்டர். புக்ல வானியல் அலகுன்னு ஒண்ணு வருமே, புள்ளைங்க ஒண்ணும் புரியாம மனப்பாடம் பண்ணுமே, இந்த கயிறுதான் அது. வானியல் அலகுன்னு சொல்லாதீங்க, கயிறுன்னே சொல்லுங்க, நடை முடிஞ்சப்புறம் பேரை சொன்னா ஒட்டிக்கும்.

பந்தை கிரவுண்டோட ஒரு மூலையில ஸ்டூல் மேல வச்சுட்டு கிளம்புங்க. 9 மீட்டர்ல புதன், 17ல வெள்ளி, கயிறு முடியுற இடத்துல பூமி. இங்க நின்னு திரும்பி பந்தை பாக்க சொல்லுங்க. வானத்துல சூரியன் என்ன சைஸ்ல தெரியுதோ அதே சைஸ்லதான் பந்து தெரியும். கையை நீட்டி சுண்டு விரலை வச்சா பந்து மறைஞ்சிடும். (சூரியனை பாத்து இதை செய்ய கூடாதுன்னு மூணு தடவை சொல்லிடுங்க, பௌர்ணமி நிலாவும் அதே சைஸ்தான், வீட்ல அதை வச்சு செஞ்சு பாக்கட்டும்.) அப்புறம் கடுகு பக்கத்துல 6 சென்டிமீட்டர் தள்ளி ஒரு ரவைத் துணுக்கை வைங்க, அது நிலா. மனுஷங்க பூமியை விட்டு இதுவரைக்கும் போன தூரம் இந்த ஆறு சென்டிமீட்டர்தான். 1969லேர்ந்து 1972க்குள்ள 12 பேர் அந்த ரவை மேல நடந்துட்டு வந்தாங்க. சந்திரயான்-3 2023 ஆகஸ்ட் 23ல இறங்குனதும் அங்கதான். சூரியனை ஆராய இஸ்ரோ அனுப்புன ஆதித்யா எல்-1 நிக்கிற இடம் 15 லட்சம் கிலோமீட்டர், நம்ம கணக்குல பூமிலேர்ந்து சூரியன் பக்கமா ஒரு ஜாண். நியூஸ்ல சூரியனுக்கு போறோம்னு தலைப்பு வந்தப்போ எங்க வீட்லயே சூரியன் கிட்ட போய் நிக்கப்போகுதுன்னுதான் நினைச்சாங்க, 23 மீட்டர்ல ஒரு ஜாண்தான் அது.

கிரகணத்தையும் இங்கயே முடிச்சிடலாம். ரவையை ஒரு கண்ணாடி மேலயோ டேப் மேலயோ ஒட்டி, ஒரு கண்ணை மூடிகிட்டு இன்னொரு கண்ணுலேர்ந்து ஆறு சென்டிமீட்டர் தள்ளி பிடிச்சா, அரை மில்லிமீட்டர் ரவை 22 சென்டிமீட்டர் பந்தை ஏறக்குறைய முழுசா மறைக்கிற அளவுக்கு வரும். அவ்வளவு கிட்டத்துல கண்ணு ஃபோகஸ் ஆகாது, பந்து நிஜமா மறையாம ரவை மங்கலாத்தான் தெரியும், ஆனா கணக்கு புரிஞ்சிடும். நிலா கொஞ்சம் தள்ளி இருக்கிற நேரத்துல முழுசா மறைக்க முடியாம ஓரத்துல வளையம் தெரியும், 2019 டிசம்பர் 26ல கோயம்புத்தூர், திண்டுக்கல், திருச்சி பக்கம் தெரிஞ்சது அதுதான். அடுத்தது தென் தமிழ்நாட்டுக்கு 2031 மே 21.

36 மீட்டர்ல செவ்வாய். மங்கள்யான் 2013 நவம்பர் 5ல கிளம்பி இந்த கேழ்வரகை பிடிக்க 2014 செப்டம்பர் 24 ஆச்சு. இதுவரைக்கும் எல்லாம் கிரவுண்டுக்குள்ளயே முடிஞ்சிடும், புள்ளைங்களும் அடுத்தது வியாழன்தானே, இங்கதான எங்கயாவது இருக்கும்னு நினைக்கும். நடந்துகிட்டே இருங்க. கிரவுண்ட் முடிஞ்சு கேட் தாண்டிடும். 123 மீட்டர், எங்க ஸ்கூல்ல அது டீக்கடை. நெல்லிக்காயை டீக்கடை பெஞ்சுல வச்சா அண்ணன் ஒரு மாதிரி பாத்தாரு, விளக்கம் சொன்னோம், அப்புறம் அவரும் கூட வந்து ரெண்டு கேள்வி கேட்டாரு. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவுல 87 மீட்டர் காலியா கிடக்கு இல்லையா, சிறுகோள் கூட்டம் அங்கதான். சினிமாவுல காட்டுற மாதிரி பாறை மேல பாறை மோதிகிட்டு கிடக்கும்னு நினைக்க விடாதீங்க, அங்க இருக்கிற அத்தனையையும் சேத்து உருட்டுனாக்கூட நம்ம நிலாவோட எடைல நூத்துல நாலு பங்கு தேறாது.

சிறுகோள்னதும் நம்ம ஊர் கதை ரெண்டு சொல்லலாம். 1861ல மெட்ராஸ் வானாய்வகத்துல இருந்த நார்மன் போக்சன் ஒரு சிறுகோளை கண்டுபிடிச்சு அதுக்கு ஏசியான்னு பேர் வச்சாரு. 1988ல ஜவ்வாது மலை காவலூர் வானாய்வகத்துல ராஜமோகன் கண்டுபிடிச்சதுக்கு ராமானுஜன்னு பேர், நம்பர் 4130, கணக்கு ராமானுஜன்தான். இதுக்கு அப்புறம் வந்த கேள்வி "என் பேரை வைப்பாங்களா டீச்சர்"ங்கிறதுதான், கண்டுபிடிச்சா பேர் வைக்க சிபாரிசு பண்ணலாம்டான்னு சொன்னேன்.

சனி 226 மீட்டர், எங்களுக்கு பஸ் ஸ்டாப். யுரேனஸ் 453, கண்மாய்க் கரை ஏறணும். யுரேனஸுக்கும் வளையம் இருக்குன்னு 1977 மார்ச்ல கண்டுபிடிச்சப்போ, அது ஒரு நட்சத்திரத்தை மறைக்கிறதை காவலூர்லேர்ந்தும் பாத்து பதிவு பண்ணியிருக்காங்க, வளையத்தை தாண்டுறப்போ நட்சத்திரம் விட்டு விட்டு மங்கியிருக்கு. இங்க வரும்போது புள்ளைங்க சத்தம் குறைஞ்சிருக்கும், கால் வலிக்கும், தண்ணி கேப்பாங்க. 710 மீட்டர்ல நெப்டியூன். பந்தை பாக்க சொல்லுங்க. யாராவது ஒருத்தன் "தெரியுது"ன்னு பொய் சொல்லுவான். அவ்வளவு தூரத்துல இருக்கிற பந்து இந்த கொண்டைக்கடலையை இழுத்து பிடிச்சு 165 வருஷத்துக்கு ஒரு சுத்து சுத்த வைக்குது. 1846ல கண்டுபிடிச்சாங்க, அப்புறம் ஒரே ஒரு முழு சுத்துதான் முடிஞ்சிருக்கு, அதுவும் 2011ல.

கிளம்புறதுக்கு முன்னாடி ஹெச்எம்கிட்ட பர்மிஷன், கூட இன்னொரு டீச்சர், மெயின் ரோடு வேணவே வேணாம். மேப்ல முன்னாடியே தூரத்தை அளந்து வச்சுக்கோங்க, செவ்வாய் வரைக்கும் கயிறு போதும், அப்புறம் 30 தடவை கயிறு பிடிச்சுகிட்டு இருந்தா சாயந்தரம் ஆயிடும். காலையில முதல் ரெண்டு பீரியட், வெயிலுக்கு முன்னாடி.

திரும்பி வர்றப்போ ஒரு விளையாட்டு. இந்த அளவுல வெளிச்சம் என்ன வேகத்துல போகும்? நொடிக்கு மூணு லட்சம் கிலோமீட்டர்னு படிச்சிருப்பாங்க, ராக்கெட் மாதிரி போகும்னு நினைப்பாங்க. கணக்கு போட்டா நொடிக்கு 5 சென்டிமீட்டர் கூட வரல, 4.7தான், கட்டெறும்பு ஊர்ற வேகம். பந்துலேர்ந்து கிளம்புற எறும்பு கடுகுக்கு வந்து சேர 8 நிமிஷம் 20 நொடி, நெப்டியூனுக்கு நாலு மணி நேரத்துக்கு மேல. ஒருத்தனை எறும்பா போட்டு பந்துலேர்ந்து அடிமேல் அடி வச்சு நடக்க விடுங்க, மத்தவங்க கடுகு பக்கத்துல வாட்ச் வச்சுகிட்டு காத்திருக்கணும். அந்த எட்டு நிமிஷம் ஒரு வகுப்பை அமைதியா உக்கார வைக்கிறது கஷ்டம்தான், ஆனா உக்காந்துட்டா மறக்க மாட்டாங்க. 1977ல கிளம்புன வாயேஜர் 1 விண்கலம் இன்னும் போய்கிட்டு இருக்கு, நம்ம கணக்குல இப்போ பந்துலேர்ந்து ஏறக்குறைய 4 கிலோமீட்டர், பக்கத்து ஊர். சரி அடுத்த பந்து எங்க இருக்கு, அதாவது அடுத்த நட்சத்திரம்? சென்னையில நம்ம பந்தை வச்சா அது ஜப்பான்ல. நடுவுல இருக்கிறது எல்லாம் காலி.

நடை போக முடியாத ஸ்கூலும் இருக்கும், நகரத்துல கேட்டை தாண்டவே விட மாட்டாங்க. அவங்க கண்ணாடி வித்தை பண்ணலாம். சின்ன முகம் பாக்கிற கண்ணாடியை பேப்பரால மூடி நடுவுல அரை சென்டிமீட்டர் ஓட்டை போட்டு, வெளிய வெயில்ல நின்னு அந்த வெளிச்சத்தை இருட்டு பண்ண வகுப்பு சுவர்ல அடிங்க. கிட்ட நின்னா ஓட்டையோட வடிவம்தான் விழும், தள்ளிப் போகப் போக வட்டம் ஆகும், ஓட்டை சதுரமா இருந்தாலும் வட்டம்தான், ஏன்னா விழுறது சூரியனோட படம். நம்ம கயிறு நீளத்துக்கு தள்ளி நின்னா அந்த வட்டம் 22 சென்டிமீட்டர், அதே கால்பந்து. நான் முதல்ல தற்செயலா இப்படி வருதோன்னு நினைச்சேன், அப்புறம்தான் புரிஞ்சுது, தூரத்துக்கும் அகலத்துக்கும் இருக்கிற விகிதம் நிஜ சூரியனோடதுதான், வேற மாதிரி வரவே வராது. கண்ணாடியை யார் கண்ணுலயும் அடிக்காம பாத்துக்கோங்க.

நிலாவோட பிறைக்கு பல்பும் பந்தும் வச்சு இருட்டு ரூம்ல பண்ற பரிசோதனை எல்லாருக்கும் தெரியும், அதை விட எளிசு ஒண்ணு இருக்கு. தினசரி காலண்டர்ல தேய்பிறை அஷ்டமி என்னிக்குன்னு பாருங்க. அன்னிக்கு காலையில பிரேயர் நேரத்துல மேக்கு பக்கம் பாதி நிலா நிக்கும், கிழக்க சூரியன். ஒரு எலுமிச்சம்பழத்தை பென்சில்ல குத்தி, நிலாவுக்கு நேரா அதை வெயில்ல பிடிங்க. நிலாவுல எந்த பாதி வெளிச்சமா இருக்கோ எலுமிச்சம்பழத்துலயும் அதே பாதி. ரெண்டும் பக்கத்து பக்கத்துல. பூமி நிழல் விழுந்துதான் பிறை வருதுன்னு நம்ம டீச்சர்ங்களே சில பேர் சொல்லுவாங்க, அந்த எலுமிச்சம்பழத்து மேல யாரு நிழலும் விழல.

அப்புறம் கேள்விங்க வரும், தயாரா இருக்கணும். புளூட்டோவை ஏன் தூக்குனாங்கன்னு கட்டாயம் கேப்பாங்க, ஏதோ ஸ்கூலை விட்டு டிசி குடுத்து அனுப்புன மாதிரி வருத்தமா கேப்பாங்க. 1801ல சீரிஸை கண்டுபிடிச்சப்போ அதையும் கோள்னுதான் சொன்னாங்க, அதே இடத்துல வரிசையா நிறைய கிடைக்கவும் சிறுகோள்னு மாத்திட்டாங்க, புளூட்டோவுக்கு 2006ல நடந்ததும் அதே கதைதான். அது போற பாதையில அதை மாதிரி நிறைய கிடக்கு, தன் பாதையை காலி பண்ணி வச்சிருக்கணும்ங்கிற விதியில அது தேறல. நவக்கிரகம் ஒன்பதாச்சேன்னு ஒரு கேள்வி. கோயில் கணக்குல சூரியன், சந்திரன் உண்டு, பூமி கிடையாது, ஏன்னா அது பூமியில நின்னுகிட்டு வானத்துல நகர்றதை எண்ணுன கணக்கு. ராகு கேது பொருள் இல்ல, நிலாவோட பாதை சூரியனோட பாதையை வெட்டுற ரெண்டு இடம், கிரகணம் அங்கதான் விழும். சூரியன் பக்கத்துல வந்தா வெயில் காலம்னு முக்கால்வாசி பேர் நம்புவாங்க, பூமி சூரியனுக்கு ரொம்ப கிட்ட வர்றது ஜனவரி முதல் வாரம், மார்கழி குளிர்ல, கோலம் போட்டுகிட்டு இருக்கிறப்போ. வெயிலும் குளிரும் மாறி மாறி வர்றதுக்கு காரணம் பூமியோட சாய்வு. நிலாக்கள் எத்தனைன்னு மட்டும் மனப்பாடம் பண்ண விடாதீங்க, சனிக்கு 2025 கணக்குல 274, நாளைக்கே மாறும்.

தெரியாத கேள்வி வந்தா தெரியாதுன்னு சொல்லி போர்டு ஓரத்துல எழுதி வச்சுட்டு மறுநாள் பாத்துட்டு வந்து சொல்லுங்க, நான் அப்படித்தான்.

போன தடவை நடை முடிஞ்ச மறுநாள் சூரியக் குடும்பம் வரைஞ்சுட்டு வர சொன்னேன். நிறைய பேர் பழக்கதோஷத்துல சார்ட் மாதிரியே எட்டு வட்டம் போட்டு வந்தாங்க. ஒரு பொண்ணு மட்டும் பேப்பரோட இடது ஓரத்துல ஒரு வட்டம், கொஞ்சம் தள்ளி கண்ணுக்கே தெரியாத நாலு புள்ளி, வலது ஓரத்துல வெளிய போற மாதிரி ஒரு அம்புக்குறி, அதுக்கு கீழ "வியாழன் டீக்கடையில் உள்ளது"ன்னு எழுதியிருந்தா.